கறுப்புக் கிடாவும் நீலப் புள்ளியும்

ரகசியம் காக்கத் தெரியாதவர்களால் குடும்பம் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் நானும் என் மனைவி செல்வியும் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காத்தோம். அதனால்தான் எங்கள் மகளின் காதுகுத்துக்குப் போலீஸ் ஜீப் வந்தது.

உப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு செல்போன் ரிப்பேர் கடை, செல்விக்கு ஆடுகள். அந்த வருஷம் எங்கள் பக்கம் ஆட்டுத் திருட்டு அமோகமாக நடந்தது. பட்டப்பகலில் காரில் வருவார்கள், கருவேலங்காட்டு ஓரம் மேயும் ஆட்டை அள்ளிப் பின்சீட்டில் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். (ஏசி காரில் போன மனிதர்களைவிட ஏசி காரில் போன ஆடுகள்தான் எங்கள் ஊரில் அதிகம்.) செல்வியின் தாயாடும் அப்படித்தான் போனது. அவள் சாப்பாட்டையே வெறுத்துவிட்டாள். மிஞ்சியது அந்தத் தாயாட்டின் குட்டியான ஒரு கறுப்புக் கிடா. என்னைக் கண்டால் ஓடிவந்து வேட்டி நுனியைக் கடிக்கும். அந்தப் பாசத்தில் என் வேட்டிகள் பாதி போய்விட்டன.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ. மேடம் என் கடைக்கு வந்தார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி. அதை ஒரு ஆட்டின் கழுத்தில் கட்டிவிடுவது, திருடன் தூக்கிக்கொண்டு போனால் போனில் தெரியும் நீலப் புள்ளியைப் பார்த்துப் பின்னாலேயே போய் அமுக்குவது, இதுதான் திட்டம். போனும் தெரிந்த, ஆடும் வைத்திருக்கிற ஆள் வேண்டுமாம். நான் அவர் முடிக்கும் முன்பே தலையாட்டினேன். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, வீட்டில்கூட, என்றார். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்தவர்கள் எனக்கு ஏதோ உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கருவியைக் கறுப்புத் துணியில் வைத்துத் தைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கிடாவின் கழுத்தில் கட்டினேன். செல்வி பார்த்துவிட்டாள்.

"இதென்னங்க?"

"கண்ணு படாம இருக்க மந்திரிச்சுக் கட்டிருக்கு. அவுத்தா ஆகாது."

அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. அவர் மடியில்தான் பிள்ளை உட்காரும். அவர் மாலை போட்டு, மேளத்தோடு ஓட்டிவரும் கிடாதான் குலசாமிக்கு. கிடா இல்லாமல் வந்த தாய்மாமனை ஊர் லேசில் விடாது, அவர் பேரன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டும். என் மகளுக்குத் தாய்மாமன், செல்வியின் அண்ணன் முருகேசன். எனக்கு மச்சான். அபிராமம் பக்கம் மிளகாய் விவசாயம். அந்த வருஷம் பருவம் தப்பிய மழையில் மிளகாயெல்லாம் செடியிலேயே அழுகிப்போனது எனக்கும் தெரியும். கிடாவுக்கு மச்சான் என்ன செய்வார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான்தான் புள்ளியை யோசித்துக்கொண்டிருந்தேனே!

காதுகுத்துக்கு முதல் நாள் மத்தியானம் கடையில் இருந்தேன். போன் கத்தியது. நீலப் புள்ளி ஊரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேடத்துக்குப் போன் போட்டால், திருவிழா பந்தோபஸ்தில் இருப்பதாகவும், அது போய் நிற்கிற இடம்தான் முக்கியம் என்றும், பதறாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்படியும் சொன்னார். புள்ளி ராமநாதபுரத்தைத் தாண்டியது. கடைசியில் அபிராமத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அது திருட்டுக் கும்பலின் தலைமையிடம் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். மேப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் புள்ளி நின்றது என் மாமனார் வீட்டு வாசல் என்று தெரிந்திருக்கும். நாள் முழுக்கப் போனை நோண்டுகிறவனுக்கு அந்த இரண்டு விரல் வேலை தோன்றவில்லை.

அன்று வீட்டில் கிடாவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாவம், கிடா பறிபோனது தெரியாமல் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் உருகினேன். பாவம், இந்த மனுஷனுக்குக் கொட்டில் காலியாக இருப்பதுகூடக் கண்ணில் படவில்லை என்று அவள் நிம்மதியானாளாம்.

மறுநாள் காலை, குலசாமி கோயிலில் சொந்தபந்தமெல்லாம் கூடிவிட்டது. புள்ளி திரும்பவும் நகர ஆரம்பித்தது, அதுவும் எங்கள் ஊரைப் பார்த்து! மேடத்துக்குச் சொன்னேன், அவர் ஜீப்போடு வந்ததும் பட்டு வேட்டியோடு ஏறிக்கொண்டேன். பிள்ளையைப் பெற்றவனைக் காணோம் என்று கோயிலில் ஒரே தேடல். புள்ளி கோயில் சாலையில் திரும்பியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆட்டைத் திருடிக்கொண்டு எங்கள் சாமி முன்னாலேயே போகிறான் என்றால் எவ்வளவு திமிர்! முன்னால் ஒரு குட்டியானை சரக்கு வண்டி தெரிந்தது.

"அந்தா போறான் மேடம். விடாதீங்க, அமுக்குங்க."

போலீஸ்காரர்கள் குதித்தார்கள். அப்போதுதான் மேளச் சத்தம் என் காதில் விழுந்தது. உடனே அது பட்டென்று நின்றும் போனது. வண்டியிலிருந்து மச்சான் இறங்கினார். பின்னால் சீர்த்தட்டோடு பெண்கள். மச்சான் கையில் கயிறு, கயிற்று முனையில் கறுப்புக் கிடா. கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள், மாலைக்குக் கீழே நான் மந்திரித்த கறுப்புத் துணி. (அவுத்தா ஆகாதல்லவா!)

மச்சான் என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. கோயிலிலிருந்து செல்வி ஓடிவந்தாள். அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணன் வெறுங்கையோடு வந்து நிற்கக் கூடாது என்று தன் கிடாவைக் கொடுத்து அனுப்பி, அதையே சீராகத் திரும்ப வரவழைத்திருக்கிறாள். மாலையும் மஞ்சளுமாக வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது, கிடா காணாமல் போனதைத் திருடன் கணக்கில் எழுதிவிடலாம் என்று இருந்தாளாம், படுபாவி.

மேடம் கேட்டார்: "இது உங்க கிடாதான?"

ஊரே பார்த்தது. நான் வாயைத் திறக்கும் முன் கிடா ஓடிவந்து என் பட்டு வேட்டியைக் கடித்தது.

"எங்க கிடா இல்ல மேடம்," என்றேன் வேட்டியை இழுத்துக்கொண்டே. "எங்க மச்சான் கொண்டாந்த சீரு."

"அப்ப நம்ம பெட்டி அது கழுத்துல எப்படி வந்துச்சு?"

"போன வாரம் அவுக வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாபகப் பிசகுல இதுல கட்டிப்புட்டேன்."

மேடம் வேட்டியைச் சவைக்கும் கிடாவைப் பார்த்தார். செல்வியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். தன் வீட்டு ஆடு எது, மச்சான் வீட்டு ஆடு எது என்று தெரியாத ஆளை நம்பி ஜீப்பை எடுத்த தன்னைச் சொல்லவேண்டும் என்றார். கருவியைத் தானே அவிழ்த்துக்கொண்டார். மேளக்காரரைப் பார்த்து, "ஏன் நிப்பாட்டிட்டீக, அடிங்க," என்றார். முன்னால் ஜீப், பின்னால் மேளமும் கிடாவும் மச்சானுமாகக் கோயிலுக்குப் போனோம். எங்கள் வட்டாரத்தில் போலீஸ் காவலோடு சீர் கொண்டுவந்த தாய்மாமன் அவர் ஒருவர்தான். என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்க அழுதாள்.

அப்புறம் அந்தக் கருவியை வேறு யாரோ ஒருவரின் ஆட்டில் கட்டினார்கள். எனக்குச் சொல்லவில்லை. (சொல்வார்களா?) திருடர்கள் சிக்கினார்கள், செல்வியின் தாயாடும் திரும்பி வந்தது. இப்போது கொட்டில் நிறைந்திருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விருந்தில் நான் இலை முன் உட்கார்ந்தாலும், "மாப்ளே, இது யாரு வீட்டு ஆடு?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பந்தியே சிரிக்கும். மச்சான் மட்டும் சிரிக்காமல், நல்லி எலும்பாகப் பார்த்து என் இலையில் வைப்பார்.

இப்போது மச்சானுக்கு மிளகாய் நன்றாக விளைகிறது. போன மாதம் ஒரு விசேஷத்தில் அவரே எழுந்து நின்றார். அன்றைக்கு வந்தது தன் கிடா இல்லை, தங்கச்சி கிடா, மாப்பிள்ளை தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார் என்று நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு பெரியப்பா சொன்னார்: "பாத்தியளா, தங்கச்சி மாப்ளைய விட்டுக்குடுக்காம எப்படிக் கதை கட்டுறான் முருகேசன். தாய்மாமன்னா இப்படி இருக்கணும்."