வாத்து வழித்தடம் எண் ஒன்று

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ராகிக் கொல்லையும் ஒரு பண்ணைக்குட்டையும் வைத்திருந்த ராமப்பன், சட்டத்தை மதிக்கிற மனிதர். இந்தக் கதையில் அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அவருடைய குட்டையில் எட்டுப் பெரிய வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. வெள்ளை உடம்பு, நீளக் கழுத்து, ஆளைக் கண்டால் சீறுகிற வாய். எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறுகளில் மட்டும் விவசாயம் செய்ய பெங்களூர்க்காரர்கள் அந்தப் பக்கம் பண்ணை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கேமராவைவிட வாத்துதான் நல்ல காவல் என்று யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். அந்த வருடம் வாத்து இல்லாத பண்ணை வீட்டை யாரும் பண்ணை வீடாகவே மதிக்கவில்லை. அப்புறம் ஒரு விருந்தில் வாத்து ஒன்று மேனேஜரின் பின்பக்கத்தைக் கவ்விவிட்டது. மறுநாளே, "இனி இயற்கையோடு இணைந்து வாழட்டும்" என்று கேட்டைத் திறந்துவிட்டார்கள். இயற்கை என்றால் ராமப்பனின் ராகி.

பயிர் ஒரு சாண் வளர்ந்திருந்தது. வாத்துகள் காலையில் வரிசையாகக் கரையேறும், வரிசையாக மேயும், வெயில் ஏறியதும் வரிசையாகக் குட்டைக்குத் திரும்பும். ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாது. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுவதாக மச்சான் ஆஞ்சப்பனிடம் ராமப்பன் ஒப்புக்கொண்டிருந்தார். ஆஞ்சப்பன் சட்டைக்கு அளவுகூட எடுத்து வைத்துவிட்டான். அந்தக் காக்கிச் சட்டையை நினைத்தாலே ராமப்பனுக்குச் சோறு இறங்காது.

அவர் மனைவி மங்கம்மாவுக்குப் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை.

"ரோஜாத் தோட்டத்துல தூக்கிப்போட்ட பழைய பச்சை வலை கெடக்குதில்ல? கரையச் சுத்தி முட்டி ஒசரத்துக்குக் கட்டுனா அதுங்க ஏறி வராது. யாரும் தீனி போடாம இருந்தா அதுங்களே வேற எடம் பாத்துக்கும். ஒரு மணி நேர வேலைங்க."

"அதுவும் ஒரு உயிரு, மங்கம்மா. நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா? ஒரு வார்த்த கேட்டுட்டுக் கட்டிக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவர் உயிரினத் தொல்லை ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே உதவிக் கண்காணிப்பாளராக அழகர்சாமி இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ராமப்பன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். தலைப்பில் "யானைகளால் ஏற்படும் பயிர்ச்சேதம்" என்று இருந்தது.

"சார், இது யானைக்கு இல்லீங்களா?"

"நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதாண்ணே. வாத்துக்குத் தனியாப் படிவம் வேணும்னா சென்னைக்கு எழுதணும். அதை உங்க பேரன்தான் வந்து வாங்கிக்கிருவான். யானைங்கிறதுக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு வாத்துன்னு எழுதிக்கிருங்க."

எழுதினார்.

"தந்தம் உண்டா?"

"வாத்துக்கு எங்க சார் தந்தம்?"

"அப்ப தந்தமில்லாத மக்னாக் கூட்டம்னு வரும். சாய்த்த மரங்கள்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"சாதுவான கூட்டம். நல்லது. கர்நாடகத்துல இருந்து வந்ததா?"

ராமப்பன் யோசித்தார். "கன்னடத்துல ஹோகுன்னா கொஞ்சம் நகருது சார். தமிழ்ல போன்னா சீறுது."

"ஆமான்னு போட்ருங்க."

"சார், நான் ஒரு வலை கட்டலாமான்னு கேக்கத்தான்..."

"கூட்டம் முகாமிட்டிருக்கையில நீங்களா ஒண்ணும் செய்யக் கூடாதுண்ணே. இனி அது எங்க பொறுப்பு."

மறுநாளே வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை வந்தது. "கெலமங்கலம் சுற்றுவட்டாரத்தில் எட்டு வாத்துகள் அடங்கிய கூட்டம் முகாமிட்டுள்ளது. பொதுமக்கள் விறகு பொறுக்கவோ, ஆடு மாடு மேய்க்கவோ, தனியாக நடமாடவோ வேண்டாம். அருகில் சென்று செல்ஃபி எடுப்பது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்."

செல்ஃபி எடுக்கலாம் என்ற எண்ணமே அதுவரை யாருக்கும் இருந்ததில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்த கம்பெனி வேன்கள் நேராகக் கொல்லைக்கு வந்தன. பையன்களும் பெண்களும் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே கேன்டீன் பன்னைப் பிய்த்துப் போட்டு வீடியோ எடுத்தார்கள். இந்தச் செய்தி பண்ணை வீடுகளுக்கும் எட்டியது. பொறுப்பான மனிதர்கள் தங்கள் வாத்துகளையும் காரில் ஏற்றி வந்து, பன் கிடைக்கிற இடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். எட்டு இருபத்து மூன்றாயிற்று. பக்கத்துக் கொல்லை சிவராஜ் வரப்பில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்து விரட்டும் குழு வந்தது. பன்னிரண்டு பேர், இரண்டு ஜீப், தப்பட்டை, ஒரு மூட்டை பட்டாசு. வாத்தைப் பிடித்துக் கூடையில் போட விதியில் இடமில்லை. யானையைக் கூடையில் போடும் வழக்கம் இல்லாததால் அப்படி ஒரு விதி எழுதப்படவே இல்லை. ஆகவே தப்பட்டை அடித்து, மாநில எல்லைவரை நடத்தியே கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் ஆயிற்று. எல்லையில் அந்தப் பக்கத்துக் குழு தன் தப்பட்டையோடு தயாராக நின்றது. நல்லுறவோடு கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு அவர்கள் அடித்தார்கள். வாத்துகள் இரண்டே நாளில் ராமப்பனின் குட்டைக்குத் திரும்பின. இப்படி மூன்று முறை நடந்தது. நான்காவது முறை வாத்துகளே தப்பட்டைக்காரருக்கு முன்னால் போய் வரிசையில் நின்றன. ராகி முடிந்தது. அந்தக் கொல்லையைப் பார்த்தபோது ராமப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. அழகர்சாமியே நேரில் கொண்டுவந்து சத்தமாகப் படித்தார்.

"மேற்படி வாத்துகள் மேற்படி நிலத்தின் வழியே மும்முறை சென்று திரும்பியுள்ளமையால், இது அவற்றின் பாரம்பரிய வழித்தடம் என ஐயமற நிறுவப்பட்டுள்ளது. வாத்து வழித்தடம் எண் ஒன்று என இது அறியப்படும். இதில் வேலி, வலை, பயிர் ஆகிய ஆக்கிரமிப்புகள் தடை செய்யப்படுகின்றன."

"சார், இது எங்கப்பா காலத்து நெலம்."

"வாத்துக்கும் பாரம்பரியம் இருக்குல்லண்ணே. கோவிச்சுக்கிராதீங்க, உங்களையும் மறக்கல. வழித்தடக் காவலர்னு ஒரு போஸ்டு வந்திருக்கு. உள்ளூர் ஆளுக்குத்தான் முன்னுரிமை."

காக்கிச் சட்டை தைக்கப்பட்டது. ஆஞ்சப்பன் எடுத்து வைத்த அளவே சரியாக இருந்தது. தொப்பி, விசில், குட்டைக்கரையில் ஒரு தகரக் கொட்டகை, மேசை, நாற்காலி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. முதல் வாரம் ராமப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் ஸ்டாம்பை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் வாரம் மங்கம்மா பழைய பச்சை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தபோது விசில் அடித்தார்.

"இன்னாங்க, நாந்தாங்க."

"அது தெரியுது. அனுமதி இருக்குதா?"

மங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வலையை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு வரவில்லை. ராமப்பன் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

இதற்கிடையில் அழகர்சாமிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. சென்னையிலிருந்து "வாத்துகளால் ஏற்படும் பயிர்ச்சேதம்" என்று புதுப் படிவம் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. ஒரே வேலைக்கு இரண்டு படிவம் எதற்கு என்று யானைப் படிவத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

மார்கழியில், சானமாவுக் காட்டிலிருந்து நிஜமாகவே நான்கு யானைகள் வந்தன. விடிந்ததும் சிவராஜ் தலையில் அடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடி வந்தார்.

"மாமா! அறுத்து வெச்ச ராகி மொத்தமும் போச்சு! நாலு யானை! ஒரு படிவம் குடு மாமா!"

ராமப்பன் தொப்பியைச் சரி செய்துகொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"வாத்துன்னு போட்டிருக்குதே?"

"இருக்கறது இது ஒண்ணுதான் மாப்ளே. பக்கத்துல அடைப்புக்குறி போட்டு யானைன்னு எழுதிக்க."

"நீயும் வெள்ளாமக்காரன் தானே மாமா, உனக்கே இது நாயமா?"

ராமப்பன் மூடியைக் கழற்றிப் பேனாவைக் கொடுத்தார். சிவராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதி முடித்தார். ராமப்பன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எட்டாவது கேள்விய உட்டுட்டியே. முட்டை உண்டா, இல்லியா?"

சிவராஜ் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு தெளிவான கையெழுத்தில், "விவரம் பின்னர் தெரிவிக்கப்படும்" என்று எழுதிக் கொடுத்தார்.