பெருமாள்மலையில் அணைத்த எஞ்சின்

பைக்கைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனை நம்பி அவன் பின்னால் ஏறி உட்காரக் கூடாது. ஊருக்கு உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம். அப்படிப் பேசிக்கொண்டிருந்தவன் நான். நம்பி ஏறி உட்கார்ந்தவள் என் மனைவி ஜெனிபா.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் லேப் அசிஸ்டென்ட். (வேதியியல் லேப். ஆசிட் பாட்டிலைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீரன்.) ஜெனிபா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கால் தளரும்.

என்னிடம் இருந்தது அப்பா விட்டுப்போன மொபெட். அதில் ஏறி ஏரியைச் சுற்றினால், நடந்து போகிறவர்கள் என்னை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால் எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டும் என்று ஆசை வந்தது. சும்மா ஸ்போர்ட்ஸ் பைக் இல்லை. தனுஷ்கோடி வரை ஓட்டிப் போனாலும் இடுப்பு பிடிக்கக் கூடாது. வளைவில் சாய்த்தால் துள்ளிக்கொண்டு போகவும் வேண்டும். சன்னியாசமும் வேண்டும், சம்சாரமும் வேண்டும் என்கிற மாதிரி.

நான்கு மாதம் ஆராய்ச்சி செய்தேன். சாப்பிடும்போது வீடியோ, பல் விளக்கும்போது வீடியோ. அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, பூரிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்த உயரத்தில் பிடித்தால் முதுகு வளையாது என்று அளந்து நோட்டில் குறித்தேன். முட்டி மடங்கும் கோணத்தை அளக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து பாகைமானி வந்தது. ஜெனிபா மாவு பிசைந்த கையோடு பூரிக்கட்டைக்காக நிற்பாள்.

"ஏங்க, இந்த வண்டியில பின்னாடி யாரு உக்காருவா?"

"நீதான்."

"அத அளந்தீங்களா?"

"அதுல என்ன அளக்க? குஷன் இருக்குல்ல" என்றேன்.

அவள் பூரிக்கட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் பார்த்தது எங்கள் பி.டி. சாரின் வண்டி. அதில் உட்கார்ந்தால் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுகிற நிலை. ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்ததில் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. இரண்டாவது வண்டியில் எனக்குக் கால் தரையைத் தொடவே இல்லை. மூன்றாவதுதான் பேத்துப்பாறையில் தங்கும் விடுதி நடத்துகிற அருள் அண்ணனின் சிவப்பு வண்டி. உயர்ந்த ஹேண்டில்பார், காற்றைத் தடுக்கும் கண்ணாடி, உறுமினால் நெஞ்சில் அதிரும் எஞ்சின். என் நோட்டில் இருந்த கணக்குக்கு அப்படியே பொருந்தியது. கால் மட்டும் நுனிவிரலில்தான் எட்டியது. (உயரம் ஒரு பிரச்னையே இல்லை என்று வீடியோவில் சொன்னவர் ஆறடி இருந்ததை நான் கவனிக்கவில்லை.)

அருள் அண்ணன் தாராளமானவர். "ஞாயித்துக்கெழம முழுசும் வச்சு ஓட்டிப் பாருங்க தம்பி. பிடிச்சா பேசுவோம். ஒரேயொரு சேதி. கீறல் விழுந்துச்சுன்னா அப்புறம் அது உங்க வண்டி."

"கீறலா? நானா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜெனிபா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். "தாண்டிக்குடிக்கு அப்பா வீட்டுக்குப் போவோம். நான் பின்னாடி உக்காந்து வாரேன். எறங்கும்போது சரின்னு சொன்னேன்னா வாங்குங்க. வேணாம்னு சொன்னேன்னா, இனிமே பைக்குங்கிற பேச்சே வீட்டுல இருக்கக் கூடாது."

நான்கு மாத ஆராய்ச்சியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. சர்ச்சில் பூசை முடிந்து, அவள் சுடிதாருக்கு மாறி வர, கிளம்பினோம். நகரத்துக்குள் நன்றாகவே ஓட்டினேன். அருவி தாண்டி, பெருமாள்மலை கடைத்தெரு தாண்டி, நல்ல இறக்கம் தொடங்கியது. அங்கேதான் எனக்குள்ளிருந்த மொபெட்காரன் விழித்துக்கொண்டான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் மொபெட் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெருமாள்மலை தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம். மலை இறக்கிவிடும், நாம் உட்கார்ந்திருந்தால் போதும். என் அப்பா அடிவாரம் வரை அப்படியே இறங்குவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், மலையே தன் சம்பளத்தில் வேலை பார்ப்பது போல ஒரு பெருமை இருக்கும். மொபெட்டுக்கு அது சரி. அதன் எடையே ஒரு நல்ல ஆட்டுக்கிடா எடைதான்.

நான் நியூட்ரலுக்குப் போட்டேன். வலது கைப்பக்கம் இருந்த சிவப்பு சுவிட்சைத் தட்டினேன். (சாவியை யாராவது திருகுவார்களா? சிவப்பு சுவிட்சில் அணைப்பதுதான் கெத்து என்று வீடியோவில் பார்த்திருந்தேன்.) உறுமல் நின்றது.

"ஏங்க, ஏன் நின்னுருச்சு?"

"நிக்கலம்மா. நான்தான் ஆஃப் பண்ணேன். மைலேஜ்."

அவள் தாண்டிக்குடி ஜீப் டிரைவரின் மகள் என்பதும், பத்து வயதிலிருந்து அப்பாவின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து காப்பித் தோட்டத்துச் செங்குத்துப் பாதைகளில் ஏறி இறங்கியவள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? நான்கு மாதத்தில் ஒரு கேள்விகூட அவளிடம் கேட்டதில்லை.

முதல் வளைவுவரை சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வளைவில், வண்டி என் பேச்சைக் கேட்காமல் போவதாகப் பட்டது. இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில் இரும்பு, மேலே நாங்கள் இரண்டு பேர். பிடித்து நிறுத்த எஞ்சின் இல்லை. காலால் பின் பிரேக்கை மிதித்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. காலை எடுத்தால் கூடியது. அதனால் காலை எடுக்கவே இல்லை.

முன் பிரேக்கை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். "முன் பிரேக்க பிடிச்சா தலகுப்புற கவுத்தும்ல" என்று சின்ன வயதில் அப்பா சொன்னது என் விரல்களில் குடியிருந்தது. ஒரே ஒரு தடவை தொட்டேன். வண்டி முன்பக்கம் அமுங்கியது. தேள் கொட்டியது போல விரலை எடுத்துவிட்டேன்.

பனி கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடாத வண்டியில் எல்லாச் சத்தமும் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டயர் தார்ச்சாலையில் உரசுவது கேட்டது. ஜெனிபாவின் மூச்சு கேட்டது. இடது பக்கத்துப் பள்ளத்தில் எங்கோ தண்ணீர் விழுவதுகூடக் கேட்டது. அது மிக ஆழத்தில் விழுந்தது. பிறகு ஒரு கருகல் வாடை வந்தது.

"ஏங்க, என்னமோ கருகுது."

"லாரிக்காரன் யாராச்சும் இருக்கும்" என்றேன். முன்னாலும் பின்னாலும் லாரியே இல்லை. வாடை என் வலது காலுக்கடியிலிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிரேக் மிதி, ஈர மண்ணில் கால் வைத்தது போல மெத்தென்று உள்ளே போய்விட்டது. மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தேன்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தை நான் இதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. சாவதைப் பற்றிய பயம் அதில் பாதிதான். எட்டே மாதம் முன்னால் கோயிலில் எல்லார் முன்னாலும் கைபிடித்துக் கூட்டிவந்த பெண் பின்னால் இருக்கிறாள், இவளை நான் கொல்லப்போகிறேன், அதுவும் பெட்ரோல் மிச்சம் பிடிக்க, என்பதுதான் மறுபாதி. அவளிடம் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது.

பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. எங்களை உரசிக்கொண்டு போனது. அதன் ஜன்னலோரம் ஒருவர் வாந்தி எடுக்கத் தலையை நீட்டியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வந்த வாந்தியை விழுங்கித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும் என்று கடைசியில் எனக்கே தோன்றியது. ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. அணைத்தவன் நான்தான்; எந்த சுவிட்சால் அணைத்தேன் என்பது மட்டும் நினைவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் அமுக்கினேன். ஹாரன் அடித்தது. இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பெரிய லைட். திருவிழாத் தேர் மாதிரி சகல விளக்கும் எரிய நாங்கள் அடுத்த வளைவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏலே! செவப்பு சுவிட்ச போடுலே!"

எட்டு மாதத்தில் என்னை ‘ஏங்க’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள். நான் திகைத்துவிட்டேன். மரியாதை போன திகைப்பில் பள்ளத்தைக்கூட ஒரு கணம் மறந்தேன். அவள் காத்திருக்கவில்லை. என் வலது தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சிவப்பு சுவிட்சைத் தட்டி, கட்டைவிரலால் ஸ்டார்ட்டரை அமுக்கினாள். எஞ்சின் உறுமியது.

"இப்ப கியர மேல தூக்கு! தூக்குலே! வெரசா!"

தூக்கினேன். வண்டி ஊளையிட்டது. யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது போல வேகம் அறுந்தது. நானும் அவளும் முன்னால் சரிந்தோம். அவள் தாடை என் முதுகில் இடித்த இடம் ஒரு வாரம் வலித்தது.

"இப்ப முன் பிரேக்க மெதுவா பிடி. ஒண்ணும் செய்யாது. பிடி. அப்படித்தான்."

ஊசி போடும்போது நோயாளியிடம் பேசுகிற குரல் அது. பிடித்தேன். தலைகுப்புறக் கவிழவில்லை. அந்த வளைவு தாண்டினோம், அடுத்ததும் தாண்டினோம். பண்ணைக்காடு பிரிவில் பழக்கடை ஓரமாக, ஆமை வேகத்தில் வந்து வண்டி நின்றது. ஜெனிபா குதித்து இறங்கினாள். நான் உயிரோடு இருந்தேன். கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு இடது காலை ஊன்றினேன்.

தரை அங்கே இல்லை. எனக்கு நுனிவிரல்தான் எட்டும் என்று சொன்னேன் அல்லவா? ரோட்டோரம் அரையடி சரிந்திருந்தது. நின்ற வண்டியோடு, மெதுவாக, ஒரு வேன் நிறைய சுற்றுலாப் பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவகாடோ என்கிற வெண்ணெய்ப் பழக் கூடைகள் மேல் சாய்ந்தேன். நாலு கூடை நசுங்கியது. என் இடுப்புவரை பச்சை விழுது.

கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "ஏப்பா, பழம் வேணும்னா கேட்டு வாங்கக் கூடாதா?"

வேனே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதேன். ஜெனிபா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பெட்ரோல் டேங்க்கின் இடது பக்கம், கூடைக் கம்பி கிழித்த ஒரு முழ நீளக் கீறல்.

"சரி, இனி இது நம்ம வண்டிதான்" என்றாள். "பின்னால உக்காருங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தோட்டத்துல அப்பா பைக்க ஓட்டித்தான் காலேஜ் பஸ்ஸப் பிடிப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

கால் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்தாள். (என்னைவிட அவள் மூன்று அங்குலம் உயரம். கல்யாண போட்டோவில் நான் பலகை மேல் நின்றிருப்பேன்.) பின் பிரேக் ஆறும்வரை ஒரு டீ குடித்துவிட்டு, தாண்டிக்குடிவரை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வாசலில் நின்ற மாமனார், மகள் ஓட்ட மருமகன் பச்சை விழுதோடு பின்னால் உட்கார்ந்து வருவதைப் பார்த்து, முழுக் கதையையும் கேட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு பெட்ரோலு மிச்சமாச்சு மாப்ளே?"

ஆறு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸோ ஞானஸ்நானமோ, தாண்டிக்குடி வீட்டில் எந்த விசேஷத்துக்கு நான் போனாலும் மாமனார் முதலில் கேட்பது, "மாப்ளே, ஆஃப்ல வந்தீகளா, ஆன்ல வந்தீகளா?" என்பதுதான். எங்கள் மகளுக்கு நாலு வயது. நான் விளக்கை அணைத்தால்கூட, "அப்பா, மைலேஜா?" என்கிறாள். ஜெனிபா மறுபடி ‘ஏங்க’வுக்குத் திரும்பிவிட்டாள், பெருமாள்மலை இறக்கத்தில் நான் பின்னாலிருந்து யோசனை சொன்னால் மட்டும் ‘ஏலே’ வரும்.

வண்டி நல்ல வண்டி. என் ஆராய்ச்சி ஒன்றும் வீண் போகவில்லை. ஹேண்டில்பார் உயரம் சரி, முட்டி மடங்கும் கோணம் சரி, தனுஷ்கோடிவரை போய் வந்தும் ஓட்டியவளுக்கு இடுப்பு வலி இல்லை. நான் அளக்காமல் விட்டது பின் சீட்டை மட்டும்தான். ஆறு வருஷமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். குஷன் போதவே போதாது.