செஞ்சிக் கோட்டையில் ஒரு லயம்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எங்கள் ‘கோட்டை’யைவிட அதிகம் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் கிடையாது. அதைக் கட்டியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் கட்டினார்கள், போய்ச் சேர்ந்தார்கள். இவரோ தினமும் காலை ஏழு மணிக்குக் கொட்டகலை ரயில் நிலையத்தடியில் அதை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரே ஒரு சங்கடம், அவர் செஞ்சியைப் பார்த்ததில்லை. இந்தியாவையே பார்த்ததில்லை. கடல் தாண்டியது அவருடைய பூட்டனார் மட்டும்தான், அதுவும் இந்தப் பக்கமாக. பூட்டனாருக்குச் செஞ்சி மலையடிவாரம் ஊர், கல்வேலை தொழில் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நம்மவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆட்டோ ஓட்டுகிறார். அதன் முதுகில் பெரிதாக ‘கோட்டை’ என்று எழுதி வைத்திருப்பதால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. நம் நாட்டில் கோட்டை என்றால் கொழும்புக் கோட்டை ரயில் நிலையம்தானே? ஒருநாள் பெரிய பெட்டியோடு மூச்சுவாங்க ஓடிவந்த ஓர் அம்மா, “கோட்டைக்குத்தானே?” என்று கேட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். “கோட்டையேதாங்கம்மா!” என்று பூரித்துப்போய் ஆரம்பித்தார் மனுசன். அவர் முதல் மதிலை முடிப்பதற்குள் கொழும்பு ரயில் போயே போய்விட்டது.

நான் தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடம் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருப்பதால் தினமும் அவருடைய ஆட்டோதான். ஏறும் வழியில் ஒவ்வொரு வளைவும் அவருக்கு ஒரு கோட்டை வாசல்.

“இங்க பாருங்க சேர். வாசல நேரா வச்சா யானை ஓடி வந்து முட்டிரும். அதனால உள்ள வந்த ஒடனே திரும்புற மாதிரி கட்டிட்டாங்க. திரும்புனா யானைக்கு வேகம் போயிரும். என்னா மூளைங்கிறீங்க!”

“அண்ணே, கைய ஹேண்டில்ல வைங்கண்ணே!”

“மூணு மலையையும் சேத்து வளைக்கிற மதிலுங்க சேர். ஒத்தக் கையில எப்புடிக் காட்டுறது?”

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் அவர் காட்டி முடிக்கும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை. ராஜகிரி உச்சிக்குக் கீழே ஒரு பெரிய பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம், எதிரி வந்தால் அதை எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லும் இடத்தில் நிஜமாகவே எங்களுக்கு இடப்பக்கம் பள்ளம்.

காட்டுப்பன்றி வருகிறது என்று தன் மரக்கறித் தோட்டத்தைச் சுற்றி அகழி வெட்டினார். பன்றிகள் தாண்டிப் போய் மரவள்ளியைத் தின்றன. தேயிலை வேலை மேற்பார்வைக்கு வந்த தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா மட்டும் விழுந்தார். “பாத்தியா, அகழி வேல செய்யுது!” என்று வீட்டுக்குள் போய்ச் சொன்னவரை, கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் அன்று ஆட்டோவில்தான் படுத்தார்.

இத்தனை ஞானமும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தது. அட்டன் பஸாரில் பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்த, அட்டையில்லாத புத்தகம். கோனார்கள் தொடங்கியது, நாயக்கர்கள் பெருக்கியது, பிஜப்பூர்க்காரர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று கை மாறியது எல்லாம் மனப்பாடம். ஆனால் அவருடைய உயிர் இருந்தது ஒரு படத்தில். கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ் நீள வரிசையாக வளைவு வாசல்கள். கீழே, ‘செஞ்சிக் கோட்டையின் லயங்கள்’ என்று அச்சடித்திருந்தது. லயம் என்றால் இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு.

“அசல் நம்ம லயங்க சேர்! லயம் வெள்ளைக்காரன் குடுத்ததுன்னு சொல்றாங்களே, சுத்தப் பொய். ராஜா மாளிகைக்குப் பக்கத்துலயே நம்மாளுங்க லயம் போட்டு இருந்திருக்காங்க!”

நான் படத்தைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ‘லா’வுக்கு உரிய துணைக்கால் அச்சில் விழவில்லை. அது லயம் இல்லை, லாயம். குதிரை கட்டும் இடம். வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். மூடிய வாய் நாலு வருஷம் திறக்கவில்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் தமிழ் விழா வந்தது. அதிபர் மனமிரங்கி அண்ணனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். சிறப்பு விருந்தினர் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒரு பேராசிரியர், வரலாற்றுத்துறை. நான் அண்ணனைத் தேடிப் போனேன்.

“அண்ணே, நேரம் பத்தாது. அந்த லயம் பகுதிய விட்டுரலாமே?”

“என்ன சேர் பேசுறீங்க! யானைக்குளத்த விடுறேன், களஞ்சியத்த விடுறேன். லயத்த விட மாட்டேன். எங்க போனாலும் லயத்து ஆளுங்கன்னு மூக்கச் சுழிக்கிறாங்க. நம்ம சனம் முன்னாடி, வெளியூரு ஆளு முன்னாடி, ஒரு தரம் அத வாயாரச் சொல்லிரணுங்க. அப்புறம் செத்தாலும் பரவால்ல.”

விழாவன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் கோட்டையைக் கட்டினார் பாருங்கள், மதில் மதிலாக! கடைசியில் படத்தைத் தூக்கிக் காட்டி லயத்துக்கு வந்தார். சனம் கைதட்டிய தட்டில் தகரக்கூரை அதிர்ந்தது.

பேராசிரியர் நல்ல மனிதர்தான். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து, “ஐயா, அருமையாப் பேசினீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்ன அச்சுப்பிழை. இது லயம் இல்லை, லாயம். குதிரை கட்டுற இடம்” என்றார்.

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள், குதிரை மாதிரி. கொல்லென்று ஒரு சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு வருஷத்துக்கு முன்பே நான் சொல்லியிருந்தால் இந்த மனுசன் இப்படி நடுச்சபையில் நின்றிருக்க மாட்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

“குதிரைங்களாங்கய்யா?”

“ஆமாங்க.”

“கல்லும் சுண்ணாம்பும் போட்டா கட்டியிருக்காங்க?”

“ஆமாம். ரொம்ப உறுதியான கட்டடம்.”

“இன்னும் நிக்குதுங்களா?”

“நிக்குதுங்க.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கய்யா. அந்தக் கல்ல ஒடச்சு, சொமந்து, அடுக்குனது யாரு? குதிரையா?”

அண்ணன் சனத்தின் பக்கம் திரும்பினார்.

“எங்க பூட்டன் வகையறா கல்வேலக்காரங்க. குதிரைக்கே இத்தன வருசம் நிக்கிற மாதிரி கட்டிக் குடுத்திருக்கோம். இங்கிட்டு வந்து காட்ட வெட்டி ரோடு போட்டோம், மல மலையாத் தேயில நட்டோம். லயம் வெள்ளைக்காரன் நமக்குக் கட்டுனது, அது ஒழுகுது. நம்ம கட்டுனது எதாச்சும் ஒழுகுதா?”

அவ்வளவுதான். பெண்கள் பக்கம் முதலில் எழுந்தது. பிறகு மொத்த மண்டபமும் எழுந்து நின்று தட்டியது. கனைத்தவனும் தட்டினான். பேராசிரியர் மேடையேறி வந்து அண்ணனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த அண்ணனின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம், “வீட்டுல இப்புடி ஒரு நாளும் பேச மாட்டாரு” என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“எனக்கு மொதல்லயே தெரியுண்ணே, அது லாயம்னு.”

வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினார். “தெரிஞ்சுமா சொல்லல? ஏன் சேர்?”

“நானும் லயத்துல பொறந்தவன்தானேண்ணே. நீங்க சொல்லச் சொல்ல, அது லயமாவே இருந்துட்டுப் போகட்டும்னு இருந்துச்சு.”