மூன்றாம் வகுப்பில் நான் அசையாமல் நின்ற கதை

பேரன்புக்கும், இப்போதைக்குப் பெருங்கோபத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, நீ 'கிளி' என்று பெயர் வைத்துக் கொஞ்சுகிற என் மகள், மூவரும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நான் கூப்பிடும்போதெல்லாம் முதல் மணி அடித்து முடிவதற்குள் நீ போனைத் துண்டிக்கிற வேகத்தைப் பார்த்தால், சுளுக்கிக்கொண்ட உன் கை பூரணமாகக் குணமாகிவிட்டது என்று தெரிகிறது. மிக்க மகிழ்ச்சி. பேச வழியில்லாததால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. கோடை விடுமுறை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே வந்துவிடுகிறோம் என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். அதை நம்பி நீ டிக்கெட் எடுத்து அனுப்பினாய், பக்கத்து வீட்டில் கட்டில் இரவல் வாங்கிப் போட்டாய், சுளுக்கிய கையோடு ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தாய். ரயில் வந்தது, நாங்கள் வரவில்லை. மாமாவின் போனுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். மாமாவின் கண்ணாடி வீட்டில் இருந்திருக்கிறது. பாவம், ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, முதுகுப்பக்கம் கிளி மாதிரியே தெரிந்த யாரோ ஒரு பெண் குழந்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து, அந்தக் குடும்பத்திடம் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டதாமே. அவரிடம் என் மன்னிப்பைத் தனியாகச் சொல்லிவிடு.

நடந்தது இதுதான். ரயில் ஏறுவதற்கு முந்தின நாள், முறைப்படி சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவோம் என்று கிளியின் பள்ளிக்குப் போனேன். டிரைவிங் ஸ்கூலில் அடுத்தவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டே பிழைக்கிறவன் நான். ஆகவே ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைப் பார்க்கிற தோரணையில்தான் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். வகுப்பு டீச்சர் சின்ன உருவம், சன்னமான குரல். "ஊருக்குப் போறோம் டீச்சர், நாளையிலேர்ந்து வரமாட்டா. கடைசிப் பருவம்தானே, பெருசா என்ன இருக்கப் போவுது? சுவத்துல ஒட்டினதை எல்லாம் பிரிச்சுக் கையில குடுத்து அனுப்புவீங்க, அவ்வளவுதானே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியா சார்? கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அக்கா, அது எட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்கிற நாற்காலி. இரண்டு பக்கமும் கை வைத்தது. நான் உட்காரவில்லை, செருகப்பட்டேன்.

கடைசிப் பருவத்தில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வட்டமான காகிதத்தை மடித்து மடித்து, கால், அரைக்கால் என்று பிரித்தார்கள். எட்டு பெரிசா நாலு பெரிசா என்றால் எட்டுதான் பெரிசு, அப்படியிருக்க எட்டில் ஒன்று மட்டும் எப்படிச் சின்னதாக இருக்கும் என்று முன்பல் விழுந்த ஒருவன் எழுந்து நியாயம் கேட்டான். டீச்சர் இரண்டு துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார். "அப்போ நீ எட்டுல ஒண்ணை எடுத்துக்கோ, நாலுல ஒண்ணை அவனுக்குக் குடு" என்றார். அவன் இரண்டு துண்டையும் கையில் வைத்துப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் அவன் முகத்தில் ஒரு துக்கம் வந்தது பார், ஏமாந்த பிறகுதான் கணக்குப் புரியும் போலிருக்கிறது. அடுத்து அளக்கிற பாடம். பாதிப் பேர் ஸ்கேலைச் சைபரிலிருந்து வைக்காமல் ஒன்றிலிருந்து வைத்து அளந்தார்கள். அவர்கள் தப்பாக வைக்க வைக்க என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி, "அங்கிள், என் நாற்காலியை ஏன் தள்றீங்க?" என்றாள். பிறகு டீச்சர் காலையில் ஜன்னலில் காயப்போட்ட ஈரக் கைக்குட்டையை எடுத்துக் காட்டி, இதிலிருந்த தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டார். "ஆவியாப் போச்சு!" என்று கத்தியது நான்தான். "கையைத் தூக்கிட்டுச் சொல்லணும் சார்" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். இத்தனை பாடத்திலும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்தார்கள், கேட்டார்கள், சண்டை போட்டார்கள். நம் கிளி வாயைத் திறக்கவே இல்லை.

இடைவேளை மணி அடித்தது. நான் எழுந்தேன், நாற்காலியும் எழுந்தது. டீச்சர் ஒரு பக்கமும் வாட்ச்மேன் இன்னொரு பக்கமும் பிடித்து இழுத்து என்னைப் பிரித்தெடுத்ததை விரிவாக எழுதப் போவதில்லை. பிள்ளைகள் வெளியே போனதும் டீச்சர் சொன்னார். "இந்த ஸ்கூலுக்கு வந்ததுலேர்ந்து அவ ஒரு வார்த்தை பேசல சார். எழுதுறதெல்லாம் முத்து முத்தா, தப்பில்லாம எழுதுறா. ஆனா அவ குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

"யாரு, எங்க கிளியா? டீச்சர், நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அவ தூக்கத்துலகூடப் பேசுவா."

"வீட்டுல பேசுற பிள்ளைங்கதான் சார் இங்க வந்து மூடிக்கும். வந்த புதுசுல ஒரு நாள் வாய் தவறி என்னை 'அம்மா'ன்னு கூப்பிட்டுட்டா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அன்னைக்கு மூடின வாய்தான். மத்தவங்க அப்பவே மறந்துட்டாங்க, அவ மறக்கல." மேஜையில் இருந்த நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, "இந்தப் பருவத்துல எழுந்து நின்னு சொல்றதுதான் சார் பாடமே. அவளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா அடுத்த வருஷம் வேற டீச்சர், வேற ரூம். 'அமைதியான பொண்ணு'ன்னு ஒரு பேர் வெச்சுடுவாங்க. அந்தப் பேரு ஒட்டிச்சுன்னா லேசுல உரியாது" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கிளி, செருப்பு எதனால் செய்கிறார்கள், எறும்புக்கு முழங்கால் உண்டா என்று பேசிக்கொண்டே வந்தாள். "ஸ்கூல்ல ஏண்டா செல்லம் பேசமாட்டேங்குற?" என்று மெதுவாகக் கேட்டேன். தெருமுனை வரை பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். "முதல்ல பேசியிருக்கலாம்பா. இப்பப் பேசினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றாள். இதற்கு என்ன சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த என் மனைவியிடம் சொன்னேன். கட்டி வைத்திருந்த பெட்டியை அவள் பிரிக்க ஆரம்பித்தாள். "உங்க அக்காகிட்ட மட்டும் நீங்களே சொல்லிக்கோங்க" என்றாள். உன்னைச் சமாளிக்கும் தைரியம் இல்லாமல்தான் மாமாவின் போனுக்கு அனுப்பினேன்.

இனிதான் என் பாடு. இந்தப் பருவத்தின் கடைசிப் பாடம் என்னவென்றால், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்து, ஏதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யக் கூடாது. கிளி தேர்ந்தெடுத்த வேலை, தலையணைக்கு உறை போடுவது. வீட்டில் ஒத்திகை தடபுடலாக நடந்தது. "தலையணையை உள்ள போடு" என்றாள், எதற்குள் என்று சொல்லாததால் நான் அலமாரிக்குள் போட்டேன். "குலுக்கு" என்றாள், தலையணையையா உறையையா என்று தெரியாமல் நானே குலுங்கினேன். வீடு அதிர அவள் கத்தியதில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்தப் பழக்கம் முற்றி, ஒரு நாள் வேலையில், கார் ஓட்டப் பழக வந்த ஒரு பேங்க் அதிகாரியிடம் "நேரா போங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ரோடு வளைந்தது, அவர் வளையவில்லை. செடி விற்கிற கடையின் தொட்டிகளை உரசி நின்றோம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நாள் வந்தது. எங்களுக்கு முன்னால் அந்த முன்பல் இல்லாதவன், நர்ஸாக இருக்கும் தன் அம்மாவுக்கு ஷூ நாடா கட்டச் சொல்லிக் கொடுத்தான். எந்த ஷூவின் நாடாவை எதோடு என்று அவன் சொல்லவில்லை. அந்த அம்மாள் இரண்டு ஷூவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்துக் குதித்து இடத்துக்குப் போனார். அடுத்து நாங்கள். வலது கையில் தலையணையும் இடது கையில் உறையுமாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். கிளி எனக்கு எதிரே நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, வீட்டில் மனப்பாடமாகச் சொன்னதுதான். உதடு ஒட்டிக்கொண்டு விட்டது.

வகுப்பு காத்திருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் பின்னால் நின்று, ஏதோ அவசரம் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. நானே உறையைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நேராக ரயிலடிக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தலையணைப் பஞ்சு ஒரு இழை பறந்து வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. இரண்டு கையிலும் சாமான். அவள் சொல்லாமல் அசையக் கூடாது. மூக்கு அரித்தது. சுருக்கிப் பார்த்தேன், கோணிப் பார்த்தேன், அரிப்பு உச்சந்தலைவரை ஏறிக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கிளி என் முகத்தையே பார்த்தாள். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம், பிற்பாடு சொன்னாள்.

"அப்பா" என்று ஒரு குரல் வந்தது. கீச்சென்று, துரு ஏறிய கீல் மாதிரி. "தலையணையைக் கீழ வை. வெச்சுட்டு மூக்கைச் சொறிஞ்சுக்கோ."

வைத்தேன். சொறிந்தேன். அக்கா, வாழ்க்கையில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. ஆனால் நிறுத்து என்று அவள் சொல்லவில்லையே. சொறிந்துகொண்டே நின்றேன். முதல் வரிசை சிரித்தது, அப்புறம் எல்லா வரிசையும் சிரித்தது. எனக்குத் திக்கென்றது, மறுபடி வாயை மூடிக்கொள்வாளோ என்று. கிளி இடுப்பில் கை வைத்தாள். "போதும்ப்பா! நிறுத்து!" என்றாள். வகுப்பின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் சிரிக்காதீங்க. எங்கப்பாவுக்குக் கவனம் சிதறும்!" வகுப்பு கப்சிப். அப்புறம் என்ன, மடை திறந்த மாதிரிதான். "தலையணையை எடு. அந்தக் கை இல்ல, இந்தக் கை. உறையோட வாயைத் திற. உன் வாயை இல்லப்பா, உறையோட வாயை!" முனை முனையாகச் சொல்லி, கடைசியில் தட்டிச் சமப்படுத்தச் சொல்லி, "அவ்வளவுதான், நீ போய் உக்காரு" என்று முடித்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எனக்கு ஒரு தடவை திரும்பச் சொல்லித் தர்றியாம்மா?" என்றார். "ம், வாங்க" என்றாள் அவள், சாதாரணமாக. நான் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பெரியவர்களுக்கென்று ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில்.

என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அன்றைக்கு இறங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து நானும் என் மனைவியும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். இதற்காகத்தான் அக்கா, உன் டிக்கெட் வீணானது, உன் திரைச்சீலை காற்றில் தனியாக ஆடுகிறது. பள்ளி மூடும்வரை அவளை ஒரு நாள்கூட வீட்டில் நிறுத்துவதில்லை என்று டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வாக்கையாவது காப்பாற்ற நீதான் மனம் இரங்க வேண்டும். மூடிய பிறகு கட்டாயம் வருகிறோம்.

மாமாவுக்கு என் வணக்கம். என் மனைவி உன் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கிளி உனக்கு அன்பு முத்தங்களும், போனை எப்படி எடுப்பது என்பதற்கான விளக்கமும் தருகிறாள், அதை நான் எழுதவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், என்மேல் கோபமும் இல்லாமல் நீடு வாழ வேண்டும்.

என்றும் உன் அடிக்குப் பயந்த,
தம்பி

பி.கு.: இதை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார். குரல் இன்னும் சன்னமாகி, கிட்டத்தட்டக் காற்றாகவே இருந்தது. கிளி அன்றைக்கு ஆரம்பித்தவள் நிறுத்தவில்லையாம். கேட்டை எப்படிச் சாத்த வேண்டும் என்று வாட்ச்மேனுக்கும், மைக்கில் எவ்வளவு தள்ளி நின்று பேச வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கும், பாடத்தை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று டீச்சருக்கும் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறாளாம். "சார், ரொம்ப சந்தோஷம். மனசாரச் சொல்றேன். ஆனா நீங்க ஊருக்குப் போகணும்னீங்களே, நாளைக்கே கூட்டிட்டுப் போனாக்கூட எனக்கு ஆட்சேபணை இல்ல, லீவுக்கு நானே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. இன்று ராத்திரி வண்டியில் மூவரும் கிளம்புகிறோம், கடிதத்தை நானே கையில் கொண்டு வருகிறேன். கதவைத் திறந்ததும் திட்டுவதற்கு முன்னால் இதை வாங்கிப் படி. படித்து முடிக்கிறவரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.