வரிசையில் முதல் ஆள்

சாவி உள்ளே போனது. திரும்பத்தான் மறுத்தது.

குராமோச்சி அதை வெளியே எடுத்துக் கோட்டில் துடைத்து, தலைகீழாகச் செருகிப் பார்த்தார். ஷட்டர் அசையவில்லை. சாவியில் தொங்கிய சீட்டை மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது மெகுரோவில் இருக்கும் ஏதோ ஒரு மாடி வீட்டுச் சாவி. இளசுகள் புதுப்பாணி உடை தேடி அலையும் ஹராஜுகுவில் இருந்த இந்தக் கடையின் சாவி, அவருடைய நில முகவர் அலுவலகச் சுவரில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

போன் செய்து கேட்கலாம். ஆனால் அதை எடுக்கப்போவது மேலாளர் நுகுயி. அந்தக் கடை ஒரு வருடமாகக் காலி. பிரதான தெருவிலிருந்து இரண்டு முறை திரும்பி, ஒரு சலூனைத் தாண்டி வந்தால்தான் கண்ணில் படும். தொப்பிக் கடை, பாயாசக் குவளைக் கடை, புருவம் திருத்தும் கடை என்று மூன்று பேர் வந்து, மூன்று பேரும் போயாயிற்று. இந்த மாதத்துக்குள் அதற்கு ஆள் பிடிக்காவிட்டால் குஷிரோ கிளைக்கு மாற்றம் என்று நுகுயி சொல்லியிருந்தார். குஷிரோவில் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுவார்கள். குராமோச்சிக்கு டோக்கியோக் குளிருக்கே முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் அலுவலகத்துக்கு வந்து விசாரித்த எபிஹாரா என்று ஒருவர் இரண்டு மணிக்குக் கடையைப் பார்க்க வருகிறார். அதற்குள் திறந்து, பெருக்கி, காற்றாட வைக்க வேண்டும். குராமோச்சி தன் சொந்தப் பொறுப்பில் ஒரு பூட்டுக்காரருக்குப் போன் செய்தார். ஒரு மணிக்குள் வந்துவிடுவதாக அவர் சொன்னார். அப்போது மணி ஒன்பதரை. குராமோச்சி ஷட்டரில் சாய்ந்து நின்று, பையிலிருந்த சோற்று உருண்டையைப் பிரித்தார்.

பத்து மணிவாக்கில் ஒரு பெண் வந்தாள். கோட்டின் கை முழங்கால் வரை தொங்கியது. விரல்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. மூடிய ஷட்டரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்கு ஓர் அடி பின்னால், பள்ளிப் பிள்ளை மாதிரி ஒழுங்காக நின்றுகொண்டாள்.

"எத்தனை மணியிலேருந்து நிக்கிறீங்க அங்கிள்?"

"ஒன்பதரை."

அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் அவள் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவன் இரண்டு பேருக்குப் போதுமான கால்சட்டையை ஒருவனே போட்டிருந்தான். இன்னொருவன் மின்கம்பத்தில் ஏறுகிறவன் போட்டுக்கொள்ளும் மேலங்கியை, எந்தக் கம்பத்திலும் ஏறும் உத்தேசமில்லாமல் மாட்டியிருந்தான்.

குராமோச்சி நேர்மையானவர். திரும்பிச் சொல்லிவிட்டார்.

"இங்க ஒண்ணும் கிடையாதும்மா. இது காலிக் கடை."

"தெரியும் அங்கிள்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பத்தரைக்குப் பதினெட்டுப் பேர். தான் நிற்பதால்தான் அவர்களும் நிற்கிறார்கள் என்று குராமோச்சி கண்டுகொண்டார். மெல்ல நகர்ந்து ஆறு அடி தள்ளி, தபால் பெட்டிக்கு அருகே போய் நின்றார். வரிசையும் சத்தமில்லாமல் ஆறு அடி நகர்ந்து வளைந்தது. அவர் திரும்பி வந்தார். வரிசையும் நேரானது.

அகலக் கால்சட்டைக்காரன் அவருடைய மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கைமுனை நைந்து, பழுப்பும் சாம்பலும் இல்லாத ஒரு நிறத்துக்கு வந்திருந்த கோட்டு அது. எங்கே வாங்கியது என்று கேட்டான். தன் மகள் பிறந்த வருடம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியதாகக் குராமோச்சி உண்மையைச் சொன்னார். அவன் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

வரிசை நீண்டு சலூன் வாசலை மறைத்ததும் சலூன்காரர் கையில் சீப்போடு வெளியே வந்தார்.

"உங்க ஆளுங்கள கொஞ்சம் ஒழுங்கா நிக்க வைங்க சார். என் கஸ்டமர் உள்ள வர முடியல."

அவர்கள் தன் ஆட்கள் இல்லை என்று குராமோச்சி விளக்கப் பார்த்தார்.

"முதல்ல நிக்கிறது நீங்கதான? அப்ப நீங்கதான் பொறுப்பு."

முப்பது வருடம் நில முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதருக்கு ஒழுங்கில்லாத கூட்டத்தைக் கண்டால் கை தானாகவே வேலை செய்யும். பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டுகளை எடுத்து, பின்பக்கம் எண் போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். சலூன் வாசலில் இடைவெளி விட்டு வரிசையை இரண்டாக மடித்தார். தனக்கும் ஒரு கார்டில் ஒன்று என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேலை கச்சிதமாக முடிந்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

'குனுகிதாய் நில முகவர்' என்று சாம்பல் அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த கார்டை அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். ஒரு துணிக் கடை தனக்கு நில முகவர் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பதை மேலங்கிக்காரன் பக்கத்திலிருந்தவனிடம் சிலாகித்தான். அந்த வழியாகப் போனவர்கள், எண் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது என்று அறிந்து தாங்களும் ஓர் எண் வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டரைக்கு நாற்பது கார்டுகள் தீர்ந்திருந்தன.

அப்போது அவருடைய போன் அடித்தது.

"சார், நான் பூட்டுக்காரன். வந்துட்டேன்."

"எங்க இருக்கீங்க?"

"கடைசில நிக்கிறேன். எனக்கு முன்னாடி நாப்பது பேர் இருக்காங்க."

நேரே முன்னால் வரச் சொன்னார் குராமோச்சி. பூட்டுக்காரர் தயங்கினார். வரிசையை மீறுவது அவருக்குப் பழக்கமில்லை, தவிர நாற்பதாம் எண்காரன் ஏற்கெனவே ஒரு மாதிரியாகப் பார்க்கிறான் என்றார். குராமோச்சி நடந்து போய் வற்புறுத்தினார். உடனே வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எண் கொடுத்தவரே வரிசையைக் கலைக்கலாமா என்று ஒருவன் மிகவும் பணிவாகக் கேட்டான். கேள்வி நியாயமானது. குராமோச்சி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த ஒன்றாம் எண் கார்டை எடுத்துப் பூட்டுக்காரரின் கையில் வைத்து, அவரை முன்னால் அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் தான் நின்றுகொண்டார்.

நாற்பது பேரும் திரும்பி அவருக்குத் தலை வணங்கினார்கள்.

எபிஹாரா ஒரு மணிநேரம் முன்னதாகவே வந்துவிட்டார். ஐம்பது வயது, வட்ட முகம். அந்த முகத்தில் அன்று யாரோ அறைந்த மாதிரி ஒரு வாட்டம் இருந்தது. சந்துக்குள் நுழைந்தவர் வரிசையைப் பார்த்து நின்றார். அதன் கடைசியில் குராமோச்சியைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"குராமோச்சி சார், நீங்களுமா?"

குராமோச்சி அவரை ஓரமாக அழைத்துப் போனார். எபிஹாராவோ அவரைப் பேசவிடவில்லை. தன் கதையை அவர்தான் சொன்னார். இருபது வருடம் காலுறைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, தானே வரைந்த, தொப்பி வைத்துத் தைத்த சட்டைகளோடு அன்று பதினோரு மணிக்கு, இரண்டு சந்து தள்ளி, முதல் கடையைத் திறந்திருக்கிறார். உள்ளே வந்தது ஒரே ஓர் ஆள். அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

"நான்கூட மனசைத் தேத்திக்கிட்டேன். என் சம்சாரம்தான் பாவம். யாரோ வரப்போறாங்கன்னு வாசல்லயே நின்னு தெருவைப் பார்த்துக்கிட்டே இருந்தா. பார்க்கச் சகிக்காம கிளம்பி வந்துட்டேன்."

இந்தக் கடையைச் சரக்கு அடுக்கும் கிடங்காக எடுக்கத்தான் அவர் முதலில் நினைத்திருந்தார். இப்போது வரிசையை மறுபடி எட்டிப் பார்த்து, எதற்காக நிற்கிறார்கள் என்று கேட்டார்.

குராமோச்சியின் கண்முன் குஷிரோவின் பனி ஒருமுறை பெய்து ஓய்ந்தது. இருந்தும் அவர் உண்மையையே சொன்னார்.

"எதுக்கும் இல்ல சார். சும்மா நிக்கிறாங்க."

எபிஹாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மாவே இத்தனை பேர் நிக்கிற இடமா? அப்ப சரக்கும் இருந்தா?"

அதே நேரத்தில் முன்னால் பூட்டு விடுபட, ஷட்டர் கிறீச்சென்று மேலே போனது. உள்ளே வெறும் சிமென்ட் தரை, புருவக்காரர்கள் விட்டுப்போன கீறல் விழுந்த கண்ணாடி, ஒரு துடைப்பம். வரிசை மூச்சடக்கிப் பார்த்தது. "எதையுமே வைக்கல பாரு," என்று மேலங்கிக்காரன் கிசுகிசுத்தான். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், துடைப்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வெளியே வந்து, மறுபடி அவரவர் எண்ணில் நின்றார்கள்.

அதற்கு மேல் எபிஹாராவைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது. தரையில் கசிவு உண்டு என்று குராமோச்சி சொன்னார். முன்பு இருந்த மூன்று பேரும் ஓடிப்போனதைச் சொன்னார். பேரத்தில் இப்படியும் ஒரு தந்திரம் இருக்கிறதா என்று எபிஹாரா சிரித்தார். சலூன்காரரின் மேஜையில், சீப்புகளை ஒதுக்கிவிட்டு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் முத்திரை வைத்தார். மற்ற கடையை இன்றே மூடிவிட்டு, சரக்கையெல்லாம் இங்கே கொண்டுவரப் போவதாகச் சொல்லி, மனைவியிடம் நேரில் சொல்ல ஓடினார். வந்தபோது இருந்த வாட்டம் போன இடம் தெரியவில்லை.

நுகுயி போனில் முதல் முறையாக அவரை "நம்ம குராமோச்சி" என்றார். குஷிரோவைப் பற்றி இனிப் பேச்சு வராது என்றும் சொன்னார்.

மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் நின்ற நாற்பது பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. காலையிலிருந்து, இல்லாத ஒன்றுக்காக, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள். தன் மகள் வயதுதான் அத்தனை பேருக்கும். மூன்றரை மணிக்கு அவர் ஷட்டருக்கு முன்னால் வந்து, இடுப்பு வளைய வணங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாவியை மாற்றி எடுத்து வந்ததை, பூட்டுக்காரருக்காக நின்றதை, எண் போட்டது தன் மடத்தனம் என்பதை, இங்கே இன்றைக்கு விற்க எதுவுமே இல்லை என்பதை.

வரிசையின் பின்பகுதியில் பத்துப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பூட்டுக்காரரும் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முன்னால் நின்ற முப்பது பேர் அசையவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

குராமோச்சி குழம்பிப்போய், நீள்கை கோட்டுப் பெண்ணிடம் வந்து, தான் சொன்னது புரிந்ததா, ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சந்தின் இரு பக்கமும் பார்த்தாள். கோட்டின் கையை முழங்கை வரை சுருட்டி மணி பார்த்தாள். அப்புறம் ஓர் அடி முன்னால் வந்து, உள்பையிலிருந்து கடைக்கு வழி வரைந்த, மடித்த தாள் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள், நாங்க வாங்க வந்தவங்க இல்ல, இன்னிக்கு இந்தக் கடையத் திறக்கிற எபிஹாரா சாருக்கு மனசு உடையக் கூடாதுன்னு அவர் வீட்டம்மா அவருக்கே தெரியாம நாலு மணி வரைக்கும் வாசல்ல நிக்க ஏற்பாடு பண்ணின ஆளுங்க. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு, அவர் எப்ப அங்கிள் வருவார்?"