வராத ரயிலில் ஒரு தூக்கம்

சிலருக்குப் பஞ்சு மெத்தையில் தூக்கம் வரும், சிலருக்குப் பாயில். எனக்குத் தூக்கம் வரவேண்டுமென்றால் மடியில் டிபன் பாக்ஸ் இருக்கவேண்டும், தோளில் இன்னொருவர் தலை சாய்ந்திருக்கவேண்டும், மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கவேண்டும். கோலார் தங்கவயலான கேஜிஎஃபிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். விடியும் முன்னே மாரிகுப்பத்திலிருந்து வரும் வண்டியில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறினால், கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவேன். பெங்களூர் கண்டோன்மென்ட் வந்ததும் எதிர் சீட்டு செல்வம் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவான். எழுந்து இறங்கி ஆபீஸ் போய்விடுவேன். வீட்டுக் கட்டிலில் நான் படுத்ததெல்லாம் வெறும் சம்பிரதாயம்.

அப்படியிருக்கும்போதுதான் கொரோனா வந்து ரயிலை நிறுத்தியது.

எல்லோரும் ஊரடங்கில் நன்றாகத் தூங்கினார்களாம். நான் மட்டும் பழைய நேரத்துக்கே விழித்து, கட்டிலில் புரண்டு, சரியாக ஆபீஸ் மீட்டிங் ஆரம்பிக்கும் எட்டரை மணிக்கு லேப்டாப் முன்னால் தலையைத் தொங்கப் போட்டேன். என் மகள் ஷெரின் போனில் ரயில் சத்தம் போட்டுப் பார்த்தாள். என் மனைவி சுகந்தி நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். (கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாள் என்பது என் சந்தேகம்.) ஒன்றும் நடக்கவில்லை.

தூக்கம் இல்லாதவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் தெருவை வேலை நாளில், வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து வீட்டு முனிசாமி மாமா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கொரிய சீரியல் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதையும் ஷிப்ட் போட்டுப் பார்த்தார். கதாநாயகி அழுதால் இவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"பாஷை புரியுதா மாமா?" என்று கேட்டேன்.

"அண்டர்கிரவுண்டுல மிஷின் சத்தத்துல எவன் பேசுறது இன்னா கேட்டுச்சு? மூஞ்சியப் பாத்தே வேல செஞ்சோம். இது இன்னா பெரிய விஷயம்" என்றார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் போனுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் பட்டுப்புடவை, ஷூ, பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்து, காணிக்கை நேரத்தில் எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி அனுப்புவார்கள். டம்ளர் சுற்றி வந்து டீச்சரிடமே சேரும். அதை அவர் தனியாக எடுத்துவைப்பார்.

செல்வம் கதை வேறு. பெங்களூரில் பெயிண்ட் அடிக்கப் போனால்தான் அவனுக்கு அன்றைய கூலி. வேலை நின்ற வாரமே மொபெட்டில் தக்காளி கிரேட் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்க வந்துவிட்டான். "இன்னாண்ணா, தூக்கமே இல்லியா, கண்ணு செவந்துகீது" என்று என்னைப் பார்த்துப் பாவப்பட்டான். எனக்குத் தூக்கம்தான் போயிருந்தது, அவனுக்குப் பிழைப்பே போயிருந்தது. அவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டது எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தக் கதையையெல்லாம் மேனேஜரிடம் போனில் அளந்ததுதான் நான் செய்த தப்பு. "ஜெயசீலன், மும்பை ஹெட் ஆபீஸ் பெரியவர் வரும் மீட்டிங்கில் இதைப் பத்தியே பேசுங்க. ஊரடங்கில் பலதரப்பட்ட மக்களின் பழக்கங்கள் எப்படி மாறின என்று. ஆட்குறைப்பு வரப்போகிறது. நீங்கள் மீட்டிங்கில் தூங்குகிறவர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை மாற்ற இதுதான் சந்தர்ப்பம்" என்றார்.

அந்த ஒரு மீட்டிங்கிலாவது தூங்காமல் இருக்கவேண்டும். அதற்கு முன்கூட்டியே தூங்கிவிடவேண்டும். வீட்டில் தூக்கம் வராது. ரயில் இல்லை, சரி. ஸ்டேஷன் இருக்கிறதல்லவா? (இந்த இடத்தில் சுகந்தி எப்போதும் கதையை நிறுத்தி, "மூளை இருக்கறவங்க இப்டி யோசிப்பாங்களா" என்று கேட்பாள்.)

மீட்டிங் நாள் விடியற்காலை குளித்து, இன் பண்ணி, ஐடி கார்டு மாட்டி, காலி டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அங்கே எங்கள் கோச் வந்து நிற்கும் இடத்தில் எங்கள் கோச்சே உட்கார்ந்திருந்தது.

துணிக்கடை கேஷியர் ரங்கநாதன் சார் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். ரயிலில் அவருக்கு ஜன்னல் சீட்டு, அதனால் பெஞ்சிலும் ஓரம். சீட்டு விளையாடும் கும்பல் மாஸ்க்கோடு, இடைவெளி விட்டு, மடியில் பையோடு தூங்கிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் தக்காளி எடுத்து வந்த செல்வம் கிரேட்டின்மேல் சாய்ந்திருந்தான். ஒருவரும் "நீ எப்படி இங்கே" என்று கேட்கவில்லை. ரங்கநாதன் சார் மட்டும் கண்ணைத் திறக்காமல், "உங்க எடம் மூணாவது" என்றார். உட்கார்ந்தேன். அப்படி ஒரு தூக்கம் ஊரடங்கு வந்ததிலிருந்து நான் தூங்கவில்லை.

ஒரு சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை. ரயில் ஓடினால்தான் கண்டோன்மென்ட் வரும். கண்டோன்மென்ட் வந்தால்தான் செல்வம் தட்டுவான்.

போன் அடித்துத்தான் எழுந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. "லேப்டாப்புல உங்க பேரச் சொல்லிக் கூப்டுகினே இருக்காங்க. எங்க இருக்கீங்க?" என்றாள் சுகந்தி. என் வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

போனிலேயே மீட்டிங்கில் நுழைந்தேன். டிபன் பாக்ஸின்மேல் போனைச் சாய்த்து வைத்து, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்து, மனப்பாடம் செய்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "எங்கள் பகுதி மக்கள் மிகுந்த கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள். யாரும் தேவையில்லாமல் வெளியே வருவதில்லை."

பெஞ்சில் டமார் என்று லத்தி விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் கோச் மொத்தமும் விழித்தது. வருஷக்கணக்கான பழக்கம், அவர்கள் மேல் தப்பில்லை. "கண்டோன்மென்ட், கண்டோன்மென்ட்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, இல்லாத கதவை நோக்கி ஓடினார்கள். ரங்கநாதன் சார் தண்டவாளத்தில் இறங்கப் போனவர், கடைசி நொடியில் நின்றார். யார் கால் பட்டதோ, செல்வத்தின் கிரேட் கவிழ்ந்து பிளாட்பாரம் முழுக்கத் தக்காளி உருண்டது.

"ஏன்ரீ இது? ட்ரெயினே இல்ல. யாருக்கு வெயிட்டிங்?" என்று கன்னடம் கலந்து கேட்டார் கான்ஸ்டபிள்.

"தூங்கறதுக்கு வந்தோம் சார்" என்றார் ரங்கநாதன் சார். உண்மையைத்தான் சொன்னார். அதைவிடப் பச்சைப் பொய்யைக் கான்ஸ்டபிள் தன் சர்வீஸில் கேட்டிருக்க மாட்டார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, தோப்புக்கரணம் போடச் சொன்னார். செல்வத்தைப் பார்த்து, "நீ ஹோகப்பா, போ. காய்கறிக்கு பர்மிஷன் இருக்கு" என்றார்.

செல்வம் போகவில்லை. உருண்ட தக்காளியைக்கூடப் பொறுக்கவில்லை. "இல்ல சார், நானும் இந்தக் கோச்சுதான்" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து காதைப் பிடித்துக்கொண்டான். நான் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.

பாதித் தோப்புக்கரணத்தில்தான் டிபன் பாக்ஸ் பக்கம் கண் போனது. போனை நான் அணைக்கவே இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களில் கம்பெனியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் முகம் செத்துப்போயிருந்தது.

"அங்கே என்ன நடக்கிறது?" என்றார் மும்பைப் பெரியவர்.

உட்கார்ந்து எழுந்தபடியே சொன்னேன். "புதுப் பழக்கம் சார். எல்லாத் தரப்பு மக்களும் சேர்ந்து, காலையில், உடற்பயிற்சி." (பொய் இல்லை. அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்த பழக்கம் என்பதை மட்டும் சொல்லவில்லை.)

"அந்தத் தக்காளிக்காரரும் உங்களோடு தினமும் வருவாரா?"

"எங்களை எழுப்பிவிடுவதே அவர்தான் சார்."

பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எல்லோரும் எழுந்திருங்கள், நாமும் செய்வோம்" என்றார். கட்டங்களில் தலைகள் மறைந்து மறைந்து வந்தன. எழுந்தபோதுதான் தெரிந்தது, மேனேஜருக்கு மேலே டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. கணக்குப் பிரிவு அதிகாரி சமையலறையில் குக்கருக்குக் காவல் உட்கார்ந்து மீட்டிங் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெருவில் போய் விசாரித்துக்கொண்டிருந்த விஷயமெல்லாம் ஆபீஸிலேயே இருந்திருக்கிறது.

ஆட்குறைப்பில் என் பெயர் வரவில்லை. ஆனால் ஊரடங்கு முடியும்வரை தினமும் காலையில் கம்பெனிக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காதைப் பிடித்துக்கொண்டு யாரால் தூங்க முடியும்? அந்தத் தக்காளியை அன்றைக்கு எங்கள் கோச்சே பங்கு போட்டு வாங்கியது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் தக்காளித் தொக்குதான்.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள், செல்வம் பெயிண்ட் டப்பாவோடு ஏறினான். ரங்கநாதன் சார் எழுந்து ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுத்தார். இன்றுவரை அது அவன் சீட்டுதான். மற்றபடி எல்லாம் பழையபடி. நானும் கோரமண்டலுக்கு முன்னாலேயே தூங்கிவிடுகிறேன்.

சுகந்தி மட்டும் மாறிவிட்டாள். விடியற்காலையில் டிபன் பாக்ஸை உடனே என் கையில் கொடுப்பதில்லை. மூடியைத் திறந்து உள்ளே சோறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருநாள் தவறாமல் கேட்கிறாள்:

"ரயிலு நெசமாவே வருதா, இல்ல சும்மா தூங்கப் போறீங்களா?"