சம்பந்தியைத் துரத்தியது நரிதான்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றபடி வணக்கம் சொல்லி எழுதுவது. வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள். கோபமாகவும் இருப்பீர்கள். போன வாரம் நீங்கள் பழக்கூடையும் கையுமாக வாசலில் வந்து நின்றபோது, நான் கதவைத் திறக்காமல் "கிட்ட வராதீங்க! போங்க, போங்க!" என்று கத்தியது உண்மை. அன்றிலிருந்து நீங்கள் என் மகளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், போனில் அழுகிறாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் குழாயடியில் ஒரு நரி. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. என் மனைவி உள்ளேயிருந்தே, "நரி முகத்துல முழிச்சா யோகம்னு சொல்வாங்க, நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். தண்ணீர் வைக்கலாமென்று கிண்ணத்தோடு குனிந்தேன். அது ஓடவில்லை, சம்பந்தி. நேரே வந்து என் செருப்பின்மேல் முகத்தை வைத்துப் படுத்துவிட்டது. காட்டு மிருகம்! அதன் மூச்சு என் கால்விரலைச் சுட்டது. யாரோ பெரியவர் நம்மை நம்பி வீட்டுக்கு வந்துவிட்டதுபோல, நான் அசையாமல் நின்றேன்.

மனைவி போன் செய்ய, கால்நடை டாக்டரம்மா உச்சிமுதல் பாதம்வரை மூடிக்கொண்டு வந்தார்.

"தொட்டீங்களா?"

"இல்லம்மா, அதுதான் என்னைத் தொட்டுச்சு."

பறவைக் காய்ச்சலாம். "அது பறவைக்குத்தானேம்மா வரும்?" என்றேன்.

"பேரு நாம வச்சது சார். அதுக்குத் தெரியாதே!"

ஏரியில் செத்த வாத்தைத் தின்றிருக்குமாம். மூளைக்கு ஏறி, பயமே மறந்துபோயிருக்குமாம். எங்கோ கடற்கரைகளில் கடல்சிங்கங்கள்கூட ஆயிரக்கணக்கில் இதில் செத்தனவாம். ஊசி போட்டுவிட்டு, மூச்சு அடங்கும்வரை கையுறையோடு அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார் டாக்டர்.

யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்று. காலில்லை, சிறகில்லை. வாத்தின் சிறகில் வானத்தைக் கடந்து, நரியின் காலில் நடந்து, என் குழாயடிவரை வந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்தவன் நான். சரியான விலாசம் எழுதிய கடிதமே பாதி போய்ச் சேர்ந்ததில்லை!

பத்து நாள் யாரோடும் சேரக்கூடாதென்று உத்தரவு. மனைவி சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பக்கட்டையால் தள்ளிவிடுகிறாள். மூன்றாம் நாள்தான் நீங்கள் வந்தீர்கள். உங்களைக் காப்பாற்றத்தான் கத்தினேன். மரியாதையாகக் கத்தத் தெரியவில்லை. இன்றோடு பத்து நாள் முடிகிறது, பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவோடு அவசியம் வாருங்கள். அதற்குமுன் என் மகளிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

காய்ச்சலும் கோபமும் அண்டாமல் உங்கள் குடும்பம் நீடு வாழட்டும்.

அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். கொல்லையில் நாங்கள் போடும் மீதிச் சோற்றைக் காக்கை தின்கிறதென்று நினைத்திருந்தேன். இப்போதுதான் பார்த்தேன், விறகுக் கொட்டகையில் பூனையளவில் இரண்டு நரிக்குட்டிகள். ஒன்று வந்து என் பெருவிரலை நக்கிவிட்டது. "அப்படியே நில்லுங்க சார்!" என்று டாக்டர் போனில் அலறுகிறார். நிற்கிறேன். எனக்கு இன்னும் பத்து நாள். ஆனால் இரண்டும் தள்ளாடாமல் நேராக நடக்கின்றன, சம்பந்தி! என்னைக் கண்டு பயப்படவும் ஆரம்பித்துவிட்டன.